வண்டி என்னமோ சொல்லுகு!

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, என் மோட்டார் சைக்கிளுக்குள் ஒரு சத்தம் குடியேறியது.

'டிக்.'

கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் 'டிக்.'

வேகமாகப் போனால் வேகமாக. மெதுவாகப் போனால் மெதுவாக. யாரோ சுவர்க் கடிகாரத்தை வண்டிக்குள் போட்டு மூடிவிட்ட மாதிரி.

இராஜாக்கமங்கலத்தில் ஒரு வசதி. வண்டி சத்தம் போட்டால் வைத்தியரைத் தேடி அலைய வேண்டாம். டீக்கடை வாசலில் நிறுத்தி, தலையை லேசாகச் சாய்த்து, முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டால் போதும். டாக்டர்கள் தானாக வருவார்கள்.

"டாப்பெட் லூசு" என்றார் முதல் டாக்டர். ரிட்டயர்டு வாத்தியார். சைக்கிளைத் தவிர வேறெதையும் ஓட்டியதில்லை.

"டைமிங் செயின். எஞ்சினைப் பிரிக்கணும்" என்றார் இரண்டாமவர். எப்படிப் பிரிக்க வேண்டும் என்று இரண்டு கைகளாலும் ஒரு பலாப்பழத்தைப் பிளந்து காட்டினார்.

"பெட்ரோல்ல எத்தனால் கலக்கான்லா, அதான்" என்றார் மூன்றாமவர். அவருக்கு முழங்கால் வலிக்குக்கூட எத்தனால்தான் காரணம்.

நான்காமவர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, "வித்துரும். வேணும்னா நானே எடுத்துக்கிடுகேன்" என்றார். நான்கு பேரில் தெளிவான திட்டத்தோடு பேசியவர் அவர் ஒருவர்தான்.

பெங்களூரில் இருக்கும் மச்சினனுக்கு, ஓடும் வண்டியின் சத்தத்தைச் செல்போனில் பதிவு செய்து அனுப்பினேன். இஞ்சினீயர். ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: "காத்து சத்தம் நல்லா கேக்கு அத்தான்."

இதற்கு நடுவில் ஒருநாள் அம்மையைப் பின்னால் உட்கார வைத்து நாகர்கோவிலுக்குப் போனேன்.

அம்மைக்கு வயது எழுபது. பிறந்தது பக்கத்தில் ஈத்தாமொழி. அந்த ஊர் நெட்டைத் தேங்காய்க்குப் புவிசார் குறியீடே உண்டு. தேங்காய் இருந்தால் கதம்பை. கதம்பை இருந்தால் கயிறு. கயிறு இருந்தால் ராட்டு. சின்ன வயதில் அம்மை ராட்டில் கயிறு திரித்தவள். இத்தனை வருஷம் கழித்தும் சுற்றுகிற பொருள் எதைக் கண்டாலும் அவள் காது அங்கே போய்விடும். மின்விசிறி, மிக்ஸி, கிணற்றுக் கப்பி எதுவும் தப்பாது.

"மக்கா, வண்டி என்னமோ சொல்லுகு" என்றாள்.

"அது எஞ்சின் சத்தம், எம்மா."

"எஞ்சினா? இறக்கத்துல எஞ்சினை அணைச்சிட்டு விட்டியே, அப்பமும் கேட்டுதே. எண்ணெய் காஞ்ச ராட்டு இப்பிடித்தான், சுத்துக்கு ஒருவாட்டி முனங்கும்."

(இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு உருள விடுவது என் பி.காம். புத்தி. பெட்ரோல் மிச்சம். செய்யக் கூடாத காரியம். நீங்கள் செய்யாதீர்கள்.)

நான் சிரித்துக்கொண்டேன். எங்கே ராட்டு, எங்கே நூறு சிசி மோட்டார் சைக்கிள்!

அடுத்த வெள்ளிக்கிழமை அதிசயம் நடந்தது. சத்தம் நின்றுவிட்டது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ம்ஹூம், டிக்கும் இல்லை, டொக்கும் இல்லை. செலவில்லாமல் குணமாகிவிட்டது! டீக்கடை டாக்டர்களிடம் பெருமையாகச் சொன்னேன். வண்டியை எடுத்துக்கொள்வதாகச் சொன்னவருக்கு மட்டும் முகம் வாடிவிட்டது.

திங்கட்கிழமை மறுபடி அம்மையோடு நாகர்கோவில். பிரஷர் மாத்திரை வாங்க வேண்டும். கொஞ்ச தூரம் போனதும் முதுகில் ஒரு தட்டு.

"சத்தத்தைக் காணோம்?"

"தானா சரியாயிட்டு எம்மா."

"தானாவா? கத்திக்கிட்டுக் கெடந்த பிள்ளை திடீர்னு சும்மா இருந்தா என்ன அர்த்தம்? என்ன செய்யுகுன்னு போய்ப் பாக்கணும்லா?"

அந்த வாக்கியம் முடிந்து ஐந்து நிமிஷம் இருக்கும். ஒரு தென்னந்தோப்பு ஓரம், வேகத்தடை. மெதுவாக ஏறி இறங்கி, ஆக்ஸிலேட்டரைத் திருகினேன். எஞ்சின் 'உர்ர்ர்' என்று கத்தியது. வண்டி நகரவில்லை. கீழே செயின் கவருக்குள் பாத்திர மூட்டையைக் கவிழ்த்த மாதிரி ஒரு கலகலப்பு. அவ்வளவுதான். செயின் கழன்று விழுந்திருந்தது.

"சொன்னேன்லா?" என்றாள் அம்மை, இறங்கி நின்று சேலையைச் சரிசெய்தபடி.

அந்தச் சேலையைப் பார்த்தபோதுதான் எனக்கு வியர்த்தது.

நம் ஊரில் ஓடும் வண்டிகளில் பலவற்றுக்குச் செயின் இடப்பக்கம். சேலை கட்டியவர்கள் ஒருக்களித்து உட்கார்ந்து காலைத் தொங்கப் போடுவதும் இடப்பக்கம். நல்ல வேகத்தில் செயின் அறுந்தால் அது சாதுவாகக் கீழே விழும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. முன்னால் இருக்கும் சின்ன ஸ்ப்ராக்கெட்டில் சுருண்டு சிக்கி எஞ்சின் கூட்டையே உடைக்கலாம். பின்சக்கரத்தை அப்படியே பூட்டி நிறுத்தலாம். பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி சறுக்கும். பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்திருப்பவருக்குப் பிடித்துக்கொள்ள நேரம் இருக்காது.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ல் 123-ம் விதி இதற்காகவே இருக்கிறது. பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி வேண்டும், கால் வைக்க இடம் வேண்டும், துணி சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு வேண்டும். நாம் 'சேலை கார்டு' என்று சொல்லி, ஸ்டைல் கெடுகிறதென்று கழற்றி எறிகிறோமே, அதேதான். என் வண்டியில் அது இருந்தது. நான் ஒழுங்கானவன் என்பதால் இல்லை. கழற்றச் சோம்பல்.

அம்மையை ஒரு ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு மெக்கானிக் அண்ணாச்சியிடம் போனேன்.

அண்ணாச்சி செயின் கவரைக் கழற்றினார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"செயினைக் கழத்துனது யாரு மக்களே?"

இங்கே ஒரு வாக்குமூலம். அந்தச் சத்தம் தொடங்கியதற்கு முந்தைய நாள், ஞாயிற்றுக்கிழமை, செல்போனில் ஒரு வீடியோ பார்த்துவிட்டு நானே செயினைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸை அள்ளி அப்பி, திரும்ப மாட்டியிருந்தேன். டீக்கடை டாக்டர்கள் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. நோயாளி மறைத்தால் டாக்டர் என்ன செய்வார்!

அண்ணாச்சி ஒரு புதுச் செயின் லாக்கை என் உள்ளங்கையில் வைத்தார். செயினின் இரண்டு முனைகளையும் சேர்க்கும் இணைப்பைப் பிடித்து வைக்கிற சின்ன ஸ்டீல் கிளிப் அது. விரல் நகத்தைவிடச் சற்று நீளம். ஒரு பக்கம் மூடி உருண்டையாக, மறுபக்கம் இரண்டாகப் பிளந்து.

"அன்னைக்கு எப்படிப் போட்டியோ அப்படியே போட்டுக் காட்டு பாப்போம்."

போட்டுக் காட்டினேன். தலையில் அடித்துக்கொண்டார்.

"இது எது மாதிரி இருக்கு?"

"ஹேர்பின் மாதிரி..."

"மீனு மக்களே, மீனு! கடக்கரை ஊர்ல இருந்துக்கிட்டு மீனு தெரியலியா? உருண்டை தலை. பிளந்தது வாலு. மீனு எங்கயாவது வாலை முன்னால போட்டு நீந்துமா?"

விஷயம் இவ்வளவுதான். செயின் ஓடும் திசையில் கிளிப்பின் மூடிய பக்கம் முன்னால் இருக்க வேண்டும். பிளந்த வாய் பின்னால். மாற்றிப் போட்டால், ஓட்டத்தில் எது இடித்தாலும் அந்தப் பிளந்த வாயில் இடிக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் கிளிப்பை நெம்பி விடும். செயினின் மேல் ஓட்டம் பின்னாலிருந்து முன்னால் போகும், கீழ் ஓட்டம் முன்னாலிருந்து பின்னால் போகும். அதனால் மேலே இருக்கும்போது பார்த்தால் மீனின் தலை ஹெட்லைட்டைப் பார்க்க வேண்டும். குழப்பமே இல்லை.

கவரின் உட்பக்கத்தைக் காட்டினார். கரும்பச்சை அழுக்குக்கு நடுவே பளபளவென்று ஒரு கீறல். நெம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்த கிளிப், ஒவ்வொரு சுற்றிலும் கவரில் உரசிப் போட்ட கையெழுத்து. அதுதான் அந்த 'டிக்.'

"வெள்ளிக்கிழமை சத்தம் நின்னுதுல்லா? அன்னைக்குக் கிளிப்பு சாடிப் போச்சு. அதுக்கப்புறம் மூணு நாளு வெறும் தகட்டை நம்பித்தான் உங்க அம்மையை ஏத்திக்கிட்டுப் போயிருக்க."

நான் கொண்டாடிய மூன்று நாட்கள் அவை.

* * *

வீட்டுக்கு வந்து பேப்பரும் பேனாவும் எடுத்தேன். படித்தது வணிகவியல். கணக்கில்தான் மனசு ஆறும்.

என் வண்டியின் பின்சக்கரச் சுற்றளவு ஏறக்குறைய 1.9 மீட்டர். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் அது நொடிக்கு ஏறத்தாழ 6 தடவை சுற்றும். எஞ்சின்? அந்த வேகத்தில் டாப் கியரில் நிமிஷத்துக்கு 3,000 சுற்றுக்கு மேல். அதாவது நொடிக்கு 50-க்கு மேல். டாப்பெட் அதில் பாதி என்றாலும் 25. நொடிக்கு 25 தடவை வரும் சத்தத்தை எந்த மனிதக் காதும் ஒன்று, இரண்டு என்று எண்ணாது. 'டர்ர்ர்' என்று ஒரே இழுவையாகத்தான் கேட்கும்.

ஆகவே முதல் சூத்திரம்: ஓட்டத்தில் எண்ணக்கூடிய சத்தம் என்றால் பெரும்பாலும் அது எஞ்சின் இல்லை. சக்கரமோ செயினோதான்.

அடுத்து, சக்கரமா, செயினா? பின் ஸ்ப்ராக்கெட்டில் 42 பல், செயினில் 104 கண்ணி என்று வைத்துக்கொள்ளுங்கள் (உங்கள் வண்டியில் எண்ணிக்கை மாறலாம்). செயின் முழுசாக ஒரு சுற்று வர, சக்கரம் சுமார் இரண்டரைச் சுற்று சுற்ற வேண்டும். எஞ்சினை அணைத்து, நடு ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சத்தம் வந்தால் சக்கரம், பிரேக், பின் ஸ்ப்ராக்கெட் இவற்றில் ஒன்று. இரண்டரைச் சுற்றுக்கு ஒரு தடவை வந்தால் செயினில் ஏதோ ஒரு கண்ணியில் கோளாறு. இரண்டு நிமிஷ வேலை, செலவு பூஜ்யம். நான்கு டாக்டர்களும் ஒரு இஞ்சினீயரும் செய்யாத சோதனை. செய்திருக்க வேண்டியவன் நான்.

மற்ற சத்தங்களுக்கும் இதே வழிதான். நின்றபடி ஆக்ஸிலேட்டரை முறுக்கினாலே வருகிறதா? எஞ்சின், சைலன்ஸர், அல்லது லூசான ஏதோ ஒரு போல்ட். ஓடும்போது மட்டுமா? ஆளில்லாத ரோட்டில் கிளட்ச்சைப் பிடித்துப் பாருங்கள். அப்படியும் தொடர்ந்தால் சக்கரம், செயின் பக்கம் தேடுங்கள். பிரேக் பிடித்தால் கீச்சா? பிரேக் ஷூ. பள்ளத்தில் விழும்போது ஹாண்டில்பாரில் 'டொக்'கா? கோன் செட். சீரான 'ஊம்ம்' என்ற ரீங்காரம் வேகத்தோடு ஏறுகிறதா? சக்கர பேரிங். மேடு பள்ளத்தில் மட்டும் கலகலவா? நம்பர் பிளேட்டை ஒரு தடவை பிடித்துப் பாருங்கள். எஞ்சினைப் பிரித்த பிறகு நம்பர் பிளேட் என்று கண்டுபிடிப்பது தாங்காது.

* * *

செயின் என்றால் நமக்கெல்லாம் ஒரு இளப்பம். அது செய்திருக்கும் வேலை கொஞ்சமில்லை. இன்று நாம் பார்க்கும் உருளைச் செயினுக்கு 1880-ல் காப்புரிமை வாங்கியவர் ஹான்ஸ் ரெனால்ட். சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்டரில் தொழில் நடத்தியவர். 1903-ல் ரைட் சகோதரர்களின் விமானம் பறந்ததே, அதில் எஞ்சினிலிருந்து இரண்டு விசிறிகளுக்கும் விசை போனது செயின் வழியாகத்தான். விசிறிகள் எதிரெதிர்த் திசையில் சுற்ற வேண்டும் என்பதற்காக ஒரு செயினை எட்டு மாதிரி குறுக்கே மாட்டினார்கள். அந்தச் செயினைக் கொடுத்த அமெரிக்கக் கம்பெனிதான் பின்னாளில் டயமண்ட் செயின். அதோடு கூட்டுச் சேர்ந்துதான் முருகப்பா குழுமம் சென்னை அம்பத்தூரில் செயின் தயாரித்தது. ஆக, மனிதனை வானத்தில் தூக்கிய பரம்பரை. நாம் கிரீஸ் அப்பி மறந்துவிடுகிறோம்.

மறதிக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1985-ல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வந்தபோது, பெட்ரோலைப் போடு, மூடு, மறந்துவிடு என்ற பொருளில் விளம்பரம் செய்தார்கள். அவர்கள் மறக்கச் சொன்னது பெட்ரோலை. செயினும் கவருக்குள் மூடியிருந்ததா, நாம் அதையும் சேர்த்து மறந்துவிட்டோம்.

"செயின் இழுத்துப்போச்சு" என்கிறோமே, ஸ்டீல் ரப்பர் மாதிரி இழுபடுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு ஊசி, அதைச் சுற்றி ஒரு புஷ். இரண்டும் உரசித் தேய்கின்றன. ஒரு கண்ணிக்குப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. 104 கண்ணிக்குக் கூட்டிப் பாருங்கள், ஒரு சென்டிமீட்டருக்கு மேல்! சில்லறைச் செலவு மாதக் கடைசியில் பெரிய தொகையாக வந்து நிற்குமே, அதே கதைதான்.

தேய்வதை வேகமாக்குவது மணல். எங்களுக்கு மேற்கே மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் மணல் ஆலை இருக்கிறது. அந்தக் கடற்கரை மணலில் இல்மனைட், சிர்க்கான், மோனசைட்டோடு கார்னெட் என்ற தாதுவும் உண்டு. கார்னெட்டை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் தெரியுமா? உப்புத்தாளில் ஒட்டுவதற்கு. தண்ணீரோடு பீய்ச்சி இரும்பை வெட்டுவதற்கு. கார்னெட்டே வேண்டாம், சாதாரணக் கடற்கரை மணலே ஸ்டீலை அரைக்கப் போதும். கெட்டியான கிரீஸ் ஊசிக்கும் புஷ்ஷுக்கும் நடுவே இறங்காது. வெளியே இருந்துகொண்டு மணலைப் பிடித்து வைக்கும். ஞாயிற்றுக்கிழமை நான் செய்தது செயினுக்குப் பராமரிப்பு இல்லை. அம்மியில் மசாலா கூட்டி வைத்தேன். உப்புக்காற்று இலவசம்.

அண்ணாச்சி சொன்ன முறை இது. மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் அழுக்கை எடு. துணியால் துடைத்து உலரவிடு. பெட்ரோல் வேண்டாம். தீப்பிடிக்கும், ரப்பர் வளையம் வைத்த செயின் என்றால் அந்த வளையமும் கெடும். பிறகு 90 நம்பர் கியர் ஆயிலையோ செயினுக்கென்றே விற்கும் ஸ்பிரேயையோ கீழ் ஓட்டத்தின் உட்பக்கத்தில் விடு. வழிவதைத் துடைத்துவிடு. ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை, மழையில் நனைந்தால் அன்றைக்கே.

பிறகு தொய்வு. கீழ் ஓட்டத்தின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால் பல நூறு சிசி வண்டிகளில் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் ஆட வேண்டும். வண்டியோடு கொடுத்த புத்தகம் சொல்லும் அளவே கடைசி வார்த்தை. முழுக்க மூடிய கவரில் இதற்காகவே ஒரு ரப்பர் மூடி போட்ட ஓட்டை உண்டு. சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நான்கைந்து இடத்தில் பாருங்கள், இறுக்கமான இடத்தில்தான் அளக்க வேண்டும். வீணைக் கம்பி மாதிரி முறுக்கி வைத்தால் கியர்பாக்ஸ் பேரிங் செலவு வைக்கும். சக்கரத்தின் இரண்டு பக்கமும் கோடு ஒரே அளவில் இருக்க வேண்டும். முடித்ததும் பின் பிரேக்கைச் சரிபார்க்க மறக்காதீர்கள். சக்கரம் நகர்ந்தால் பிரேக் அளவும் மாறும்.

ஸ்ப்ராக்கெட் பற்கள் சுறா மீனின் முதுகுத் துடுப்பு மாதிரி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் செயினை மட்டும் மாற்றாதீர்கள். மூன்றையும் செட்டாக மாற்றுங்கள். பழைய பல், புதுச் செயினைச் சீக்கிரமே தின்றுவிடும்.

கடைசியாக அண்ணாச்சி தன் வலது கையை விரித்துக் காட்டினார். ஆள்காட்டி விரலில் நுனி இல்லை. இத்தனை வருஷம் பழகியும் நான் கவனித்ததில்லை.

"பதினேழு வயசு. எஞ்சினை ஓடவிட்டு, கியர்ல போட்டு, துணியால செயினைத் துடைச்சேன். துணி உள்ள போச்சு, கூடவே இதுவும் போச்சு. கையாலதான் சக்கரத்தைச் சுத்தணும் மக்களே. அஞ்சு நிமிஷம் கூட ஆகும். ஆகட்டும்."

* * *

இப்போது வண்டி சத்தமில்லாமல் ஓடுகிறது. ஆனாலும் அந்தச் சத்தமில்லாமையை நான் முன்போல நம்புவதில்லை. ஞாயிறு காலையில் குனிந்து, சக்கரத்தைச் சுற்றி, மீனின் தலை எங்கே பார்க்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் காபி. அம்மையும் வண்டியில் ஏறும்முன், "எண்ணெய் விட்டியாலே?" என்று கேட்காமல் ஏறுவதில்லை.

நேற்று மாடிப்படி ஏறும்போது என் முழங்காலில் ஒரு 'டிக்'. நான்கு படிக்கு ஒரு தடவை. எண்ணக்கூடிய சத்தம்.

கீழேயிருந்து அம்மையின் குரல் வந்தது.

"மக்கா... என்னமோ சொல்லுகு!"